மேசையைச் சுத்தி ஒரு இடம்

இல்ல டாக்டரம்மா, அதையே திரும்பக் கேட்டு உங்களத் தொந்தரவு பண்ண வரல. அதாவது, விஷயம் அதேதான், என் பொண்ணு படிப்பு விஷயம்தான். முடியாதுன்னு அன்னைக்கே சொல்லிட்டீங்க, மறக்கல. நீங்க சொன்ன சொல்லாலதான் இன்னைக்கு வந்திருக்கேன். கொஞ்சம் உக்காந்துக்கலாமா? காலைலேருந்து நின்னுக்கிட்டே இருக்கேன், முட்டி கெஞ்சுது. தண்ணியெல்லாம் வேணாம்மா, நீங்க உக்காருங்க.

என்னைத் தெரியலையா? பரவால்ல, தினம் எத்தனை பேர் வர்றாங்க உங்ககிட்ட. பஸ் டிப்போவுல மெக்கானிக் நான். என் பொண்ணு வெளிநாட்டுக்கு டாக்டர் படிக்கப் போயி, சண்டை வந்து பாதில திரும்பி வந்தவ. கண்ணாடி போட்டிருப்பா, ஒல்லியா இருப்பா. அன்னைக்கு உள்ள வராம, வராந்தாவுல பெட்டிக்குள்ள ஒரு எலும்புக்கூடு நிக்குதே, அதையே பாத்துக்கிட்டு நின்னா. ஆங், அவதான். கூட வந்தது என் வீட்டுக்காரி. அன்னைக்குப் பேசினதெல்லாம் அவதான், நான் வாயே தொறக்கல. எனக்கு இந்த மாதிரி ரூமுக்குள்ள வந்தாலே நாக்கு மேல ஒட்டிக்கும். இன்னைக்கு என்னடா இவன் இந்தப் பேச்சுப் பேசுறான்னு நினைக்காதீங்க, வேற வழி இல்லாமத்தான் பேசுறேன்.

இங்க அவளுக்கு சீட்டு கிடைக்கலம்மா. மயிரிழையில போச்சு. மார்க்கு குறைஞ்சவங்களுக்கும் தனியார்ல இடம் உண்டு, இல்லைன்னு சொல்லல, ஆனா அது டிப்போ மெக்கானிக் பொண்ணுக்கு இல்ல. அப்பத்தான் ஏஜெண்டு ஒருத்தன் வந்தான். பனி கொட்டுற படமா எடுத்து எடுத்துக் காட்டினான். காலேஜ் ரொம்பப் பழசு, நம்ம பிள்ளைங்க கூட்டம் கூட்டமாப் படிக்குதுங்க, நம்மளால கட்டக்கூடிய பீஸுதான்னான். பொய் சொல்லல அவன். நல்ல காலேஜ்தான். பக்கத்து நாட்டுக்காரன் குண்டு போடுவான்னு பாவம் ஏஜெண்டுக்கு எப்படித் தெரியும். அந்த நாடு எந்தப் பக்கம் இருக்குன்னே எங்களுக்கு அவ பிளேன் ஏறினப்புறம்தான் தெரியும். என் வீட்டுக்காரி உலக மேப்பு ஒண்ணு வாங்கியாந்து அடுப்புக்கு மேல ஒட்டினா. சமைக்கும்போது பாத்துக்கலாமாம். கொஞ்ச நாள்ல எண்ணெய்ப் பிசுக்கு ஏறி உலகமே மஞ்சளாயிடுச்சு.

முதல்ல நல்லாத்தான் போச்சு. அப்புறம் சண்டை. ஹாஸ்டலுக்கு அடில சாமான் போட்டு வைக்கிற எடத்துல பிள்ளைங்க எல்லாம் படுத்துக் கெடந்துருக்குங்க. போன் பண்ணுவா. பின்னாடி டமார் டமார்னு கேக்கும். என்னம்மா சத்தம்னு கேட்டா, ஒண்ணுமில்லப்பா, கதவு சாத்துறாங்கம்பா. எந்த ஹாஸ்டல்லம்மா அத்தனை கதவு இருக்கு? ஆனா நாங்களும் ஓஹோ, கதவான்னு கேட்டுக்கிட்டோம். அவ எங்களுக்காகப் பொய் சொன்னா, நாங்க அவளுக்காக நம்பினோம்.

எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்கு நடந்தே வந்துச்சுங்க. அங்கேருந்து நம்ம கவர்மெண்டு பிளேன் அனுப்பிக் கூட்டியாந்துச்சு. குறை சொல்லக் கூடாது, கூட்டியாந்துச்சு. ஏர்போர்ட்டுல மந்திரி ஒருத்தர் நின்னு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரோஜாப்பூ குடுத்தார். இனிமே உங்க படிப்பு எங்க பொறுப்புன்னு மைக்குல சொன்னார். எம் பொண்ணு பூவக் கைல புடிச்சுக்கிட்டு நேரா எங்ககிட்ட வந்து, அப்பா பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேட்டா. அவங்கம்மா அழுதுக்கிட்டே சிரிச்சா. மந்திரி சொன்னத நாங்க நம்பிட்டோம் டாக்டரம்மா. டிவிலயே சொன்ன மனுஷன் மாத்தியா பேசப்போறார்னு நினைச்சோம்.

அப்புறம் ஆரம்பிச்சுது கூத்து. திரும்பிப் போய்ப் படிக்கலாம்னா விசா இல்ல. எல்லா நாடும் கூடுற சபை ஒண்ணு இருக்குல்ல, அதுல இந்தச் சண்டை பத்தி ஓட்டெடுப்பு வெச்சிருக்காங்க. நம்ம நாடு எந்தப் பக்கமும் கை தூக்கலையாம். அதுல அவங்களுக்குக் கோவம். நம்ம பிள்ளைங்க விசாவ இழுத்தடிச்சுட்டாங்க. பதிலுக்கு நம்மாளுங்க, போன்ல படிச்சதெல்லாம் படிப்புல சேத்தி இல்லைன்னுட்டாங்க. என் வீட்டுக்காரி கேட்டா, இவங்க கை தூக்காததுக்கு எம் பொண்ணு என்னங்க பண்ணுவான்னு. நான் என்னத்தச் சொல்ல? பஸ்ஸு பிரேக் புடிக்கலைன்னா ஏன் புடிக்கலைன்னு சொல்லுவேன். இது எனக்குத் தெரியாதுடின்னுட்டேன்.

போன்ல படிச்சதுன்னு சொன்னேன்ல, அதை நீங்க பாத்திருக்கணும். அந்த ஊரு வாத்தியார் வீட்டுச் சமையல்கட்டுல உக்காந்து பாடம் எடுப்பார். வயசானவர், தலைல கம்பளிக் குல்லா. அங்க கரண்டு போயிப் போயி வரும். காலேஜு கட்டடம் இடிஞ்சுபோச்சு, அறுத்துப் பாக்க அவருக்கே உடம்பு இல்ல, எம் பொண்ணுக்கு எங்க போக? அதனால என்ன பண்ணினா தெரியுமா? அவங்கம்மாவக் கட்டில்ல படுக்க வெச்சுக்கிட்டா. வாத்தியார் சொல்லச் சொல்ல, பால்பாயிண்டு பேனாவால அம்மா கைமேல கோடு போடுவா. இது ஒரு தசை, இது எங்க ஆரம்பிச்சு எங்க போய் ஒட்டுது. இது நரம்பு, முழங்கைல இடிச்சா சுர்ருன்னு வருமே, அது. முதுகு, தோள்பட்டை, கெண்டைக்கால், ஒண்ணு விடல. அவங்கம்மாவுக்குக் கூச்சம் வேற, நெளிவா, சிரிப்பா. இவ திட்டுவா, பொணம் சிரிக்குமா, சும்மா கெடம்மான்னு. மறுநாள் துணி கம்பெனிக்கு வேலைக்குப் போறப்ப கையெல்லாம் நீலக்கோடா இருக்கும். சூப்பர்வைசர் என்ன இதுன்னு கேட்டா, பொண்ணு டாக்டருக்குப் படிக்கிறான்னு சட்டைக்கைய மடிச்சுக் காட்டுவாளாம். கழுவவே மாட்டா, ரெண்டு நாளைக்கு. பெருமை.

அந்த வாத்தியார் ஒருநாள் வரல. அவரையும் பட்டாளத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னாங்க. அவருக்குத் துப்பாக்கி தூக்குற வயசா? வேற ஒருத்தங்க வந்து பாடத்த முடிச்சாங்க. பரீட்சை எழுதினா, பாஸும் பண்ணினா. இங்க கவர்மெண்டு ஆபீஸுல கொண்டுபோய்க் காட்டினா, கையால அறுத்துப் படிச்சியான்னு கேட்டாங்க. இல்ல. அப்போ செல்லாது.

இங்க ஒண்ணு சொல்லிடறேன் டாக்டரம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது. அவங்க சொன்னது நியாயம்தான்னு எனக்கே தோணுச்சு. படத்துல இன்ஜினப் பாத்தவன் கைல என் டிப்போ வண்டியக் குடுக்க மாட்டேன் நான். ஐம்பது பேரு உக்காந்து போற வண்டி. அப்புறம் மனுஷ உடம்ப எப்படிக் குடுப்பாங்க? வீட்டுல இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன். அம்மாவும் பொண்ணும் ரெண்டு நாள் என்கிட்டப் பேசல.

அப்புறம்தான் கவர்மெண்டு ஒரு வழி சொல்லுச்சு. இந்தப் பிள்ளைங்கள ஏதாவது ஒரு காலேஜுல பொணத்த அறுத்துப் படிக்கிற கூடத்துல சேத்துக்கிட்டு, விட்டுப்போன செய்முறைப் பாடத்த நடத்திக் குடுத்தா, பட்டத்த ஒத்துக்கறோம்னு. காலேஜு இஷ்டம், இடம் இருந்தா எடுக்கலாம். அந்த நியூஸ் வந்த அன்னைக்கு எங்க வீட்டுல எல்லாரும் நல்லாச் சாப்பிட்டோம். மறுநாள்லேருந்து அலைச்சல். ஒரு காலேஜு வாசப்படி விடல. ஒரு எடத்துல வாட்ச்மேனே இல்லைன்னுட்டான். இன்னொரு எடத்துல, வெளிநாட்டுல படிச்சதுங்களா, அதுங்களுக்கு என்ன தெரியும்னு எங்க முன்னாடியே ஒருத்தர் சிரிச்சார். எம் பொண்ணு தலையக் குனிஞ்சுக்கிட்டா. அதுக்கப்புறம் எந்த ரூமுக்குள்ளயும் அவ வரல. நீங்க போய்க் கேளுங்க, நான் வெளிய நிக்கிறேன்னுட்டா. அதான் இங்கயும் வெளிய நின்னா.

நீங்க அப்படியெல்லாம் சிரிக்கல. அத நான் எங்க போனாலும் சொல்லுவேன். நாற்காலி போடச் சொன்னீங்க, பொறுமையாக் கேட்டீங்க. கேட்டுட்டு என் வீட்டுக்காரியப் பாத்துச் சொன்னீங்க. ஒரு மேசையச் சுத்தி இருவது பிள்ளைங்க நிக்குதும்மா, பின்னாடி நிக்கிறதுக்கு முன்னாடி நிக்கிறவன் முதுகுதான் தெரியுது, உடம்பே கிடைக்கிறதில்ல, இன்னும் ஒரு உடம்பு இருந்தாலாவது இன்னொரு மேசை போடலாம், உங்க பொண்ண நான் எங்கம்மா நிறுத்துறதுன்னு. இதான் நீங்க சொன்னது, வார்த்தை மாறாம. ஞாபகம் இல்லையா? இருக்காது. எத்தனை பேர்கிட்ட இதையே சொல்லியிருப்பீங்களோ. நானும் கேட்டேன், சரி, நாசூக்கா முடியாதுங்கறாங்கன்னு எடுத்துக்கிட்டேன். என் வீட்டுக்காரி அப்படி எடுத்துக்கல.

வெளிய வந்ததும் பொண்ணு என்னாச்சுன்னு கேட்டா. பாக்கலாம்னு சொல்லியிருக்காங்கன்னா அவங்கம்மா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது. பஸ்ஸுல வர்றப்ப, ஏன்டி பிள்ளைக்கு இல்லாத ஆசை காட்டுறேன்னு கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

அதுலேருந்து ஒரு மாதிரி ஆயிட்டா. மாதிரின்னா சோகமா இல்ல, தெம்பா. பொண்ணு மருந்துக்கடைல வேலைக்குச் சேந்துச்சு, மாத்திரை எடுத்துக் குடுக்கற வேலை. படிச்சதெல்லாம் மறந்துடுவேம்மான்னு அழுவா. மறக்காத, படிச்சுக்கிட்டே இரு, சீக்கிரம் கூப்பிடுவாங்கன்னு அவங்கம்மா திருப்பித் திருப்பிச் சொல்லுவா. எந்த நம்பிக்கைல சொல்றான்னு எனக்கு விளங்கல.

அப்பத்தான் என் வீட்டுக்காரி வயித்து வலின்னு சுருண்டா. கொண்டுபோய்க் காட்டினோம். கட்டின்னாங்க. கெட்ட கட்டிதான், ஆனா உடனே அறுத்து எடுத்துட்டா பொழைக்க வாய்ப்பு இருக்குன்னு அந்த டாக்டர் தெளிவாச் சொன்னார். கவர்மெண்டு ஆஸ்பத்திரிதான், செலவும் இல்ல. நாள் குறிச்சுக் குடுத்தாங்க. இவ மாட்டேன்னுட்டா.

பயம்னு நினைச்சேன். கெஞ்சினேன், கத்தினேன். ஒருநாள் கைய ஓங்கிட்டேன் டாக்டரம்மா, அடிக்கல, ஓங்கிட்டேன். சாகணும்னே இருக்கியாடின்னு கேட்டேன். பொண்ணு காலப் புடிச்சுக் கதறினா, அம்மா, நான் படிச்சிருக்கேன், எனக்குத் தெரியும், இதை எடுத்தே ஆகணும்னு. அசையலயே. மாத்திரையிலயே கரையும், நாட்டு மருந்துல கரையும்னு எதையாவது சொல்லி நாளக் கடத்தினா. இந்தப் பிடிவாதம் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியவே இல்ல. என்னைக் கேக்காம ஒரு பாத்திரம்கூட வாங்காதவ.

போன வாரம்தான் சொன்னா. நோய் முத்தி ஆஸ்பத்திரில சேத்திருந்தோம், பொண்ணு டீ வாங்கப் போயிருந்தப்ப, கிட்ட வாங்கன்னு கூப்பிட்டா. பேச்சு ரொம்ப மெல்லமாத்தான் வந்துச்சு. அந்த டாக்டரம்மா இன்னொரு உடம்பு இருந்தா இன்னொரு மேசை போடலாம்னு சொன்னாங்கல்ல, நான் என்னோடத எழுதிக் குடுத்துட்டேங்கன்னா. உங்க காலேஜுக்குத்தான். எங்களுக்குத் தெரியாம, அவ தங்கச்சியச் சாட்சிக்குக் கூட்டிட்டு வந்து, வந்து போன அந்த மாசமே எழுதிக் குடுத்திருக்கா. இடமில்லைன்னு சொன்ன வீட்டுக்கு நம்ம நாற்காலிய நாமே தூக்கிட்டுப் போற மாதிரி. அப்போ கட்டி இருக்கறதே தெரியாது அவளுக்கு. எப்பவோ நடக்கப்போறது, இப்பவே சொல்லி வெச்சா இடம் குடுக்கறப்ப நினைச்சுப்பாங்கன்னு ஒரு கணக்கு. வியாதின்னு தெரிஞ்சப்புறம் கணக்கு மாறிப்போச்சு.

சரி, அதுக்கும் ஆபரேஷனுக்கும் என்னடி சம்பந்தம்னு கேட்டேன். அங்க வார்டு துடைக்கிற அம்மா ஒருத்தங்க சொல்லியிருக்காங்க, முழு உடம்பாத்தான் எடுப்பாங்க, அறுத்துத் தைச்சதத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு. அதான். அதுக்காகத்தான் மாட்டேன்னுருக்கா. பொழைச்சு நான் என்னங்க பண்ணப்போறேன், அவ மருந்துக்கடையில நிக்கறதப் பாத்துக்கிட்டு இருக்கவான்னு கேட்டா. அப்போ நான் உனக்கு ஆளா தெரியலையாடின்னு கேட்டேன். அதுக்குச் சிரிச்சா.

அந்தத் துடைக்கிற அம்மா சொன்னது சரிதானேம்மா? அறுத்தத நீங்க எடுக்க மாட்டீங்கதானே?

என்ன?

ஆறின காயம்னா எடுத்துக்குவீங்களா?

கட்டிய எடுத்து, தையல் பிரிச்சு, வருஷம் கழிச்சு வந்திருந்தாலும்?

ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. ஃபேன கொஞ்சம் கூட்டி வைங்க. நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க, உக்காருங்க டாக்டரம்மா. உங்க மேல கோவம் இல்ல. சத்தியமா இல்ல. நீங்க நூறு பேருக்குச் சொல்ற வார்த்தையத்தான் சொன்னீங்க, தொண்ணூத்தொம்பது பேரு எந்திரிச்சுப் போயிருப்பாங்க. அந்தத் துடைக்கிற அம்மா மேலயும் கோவம் இல்ல, கேட்டதுக்குத் தெரிஞ்சதச் சொன்னாங்க. எனக்கு அவ மேலதான் கோவம். ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருந்தா, நான் உங்ககிட்ட வந்து கேட்டிருப்பேன். நாக்கு ஒட்டினாலும் கேட்டிருப்பேன்.

வண்டி கீழதான் நிக்குது. விடியறப்ப முடிஞ்சுது. கீழ ஆபீஸுல சொன்னேன், மேடம் கையெழுத்து ஆனாத்தான் உள்ள எடுப்போம், மாடிக்குப் போங்கன்னாங்க. அதுக்குத்தான் வந்தேன், கதை சொல்லி உங்க நேரத்தையெல்லாம் தின்னுட்டேன். பொண்ணு வண்டிலதான் இருக்கா, அம்மா பக்கத்துல உக்காந்திருக்கா. படிக்கிற பிள்ளைங்களுக்கு உதவட்டும்னு அம்மா எழுதி வெச்சிருக்காங்கன்னு மட்டும்தான் அவளுக்குத் தெரியும். எதுக்கு எழுதினா, ஏன் ஆபரேஷன் வேணாம்னா, அதெல்லாம் தெரியாது. தெரியக் கூடாது. நீங்களும் சொல்லிடாதீங்க.

இதை வெச்சு உங்களை மடக்கறேன்னு நினைக்க வேணாம். இடம் முடியாதுன்னாலும் அவள எடுத்துக்கங்க, எழுதிக் குடுத்தது குடுத்ததுதான். அவ இருந்திருந்தா வாயாடி வாங்கியிருப்பா, எனக்கு அவ்வளவு தெரியாது. உங்களால ஆகும்னா, மேல கேட்டுச் சொல்றேன்னாலும் சரி, நான் காத்திருக்கேன். ஆனா அப்படி எம் பொண்ணுக்கு இடம் குடுக்கறதா இருந்தா, ஒண்ணே ஒண்ணு பாத்துக்கங்கம்மா. எந்த மேசைல வேணும்னாலும் நிறுத்துங்க. கடைசி வரிசைல நிறுத்தினாலும் சரி, முதுகுதான் தெரியும்னாலும் சரி. அவங்கம்மா மேசைல மட்டும் நிறுத்திடாதீங்க. முகத்த மூடி வெச்சாலும் அவளுக்குத் தெரிஞ்சுடும்.